காலாவதித் தேதி அச்சிடாத பெட்டி

செஞ்சிக்கு வடக்கே, சைக்கிளை மிதித்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது எங்கள் சிங்கவரம். பாறையைக் குடைந்து செதுக்கிய குகையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பழைய ஊரிலும் இன்று பல வீடுகளில் வைஃபை வந்துவிட்டது. ஆன்லைன் வகுப்பும், அப்பாவின் பணப் பரிமாற்றமும், அம்மா பார்க்கும் தொடரும், பாட்டியோடு வெளிநாட்டிலிருந்து பேசும் மாமாவின் முகமும் அந்தச் சிறு பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை இடியோடு மழை பெய்தது. மின்சாரம் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. கடைசியாக விளக்கு எரிந்தபோது வீட்டில் எல்லாம் உயிர் பெற்றன, மூலையில் இருந்த ரூட்டரைத் தவிர. மறுநாள் புது ரூட்டர் வாங்கச் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போனேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூட வந்தாள்.

கடைக்காரர் நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது ரெண்டு ஆண்டெனா சார், இது நாலு. இது வீடு பூரா எடுக்கும். வேகமும் ஜாஸ்தி" என்று உற்சாகமாக விளக்கினார். விலையும் அதிகமில்லை. நான் பணத்தை எடுக்கப் போனேன். அந்தப் பெண் மெதுவாக, "மாமா, இந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். "மூணு வருஷம் வாரண்டி சார். கெட்டுப்போனா மாத்திக் குடுத்துடுவாங்க" என்று பதில் வந்தது.

"வாரண்டி இல்லண்ணா, அப்டேட்" என்றாள் அவள். கடைக்காரருக்கு அது புதிய கேள்வி. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது, வேகம் பெரிய எழுத்தில் இருந்தது. கேட்ட விஷயம் மட்டும் எங்கும் இல்லை. அவள் தன் அம்மாவின் கைபேசியில் அந்த மாடலின் பெயரைத் தேடினாள். தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலேயே விடை இருந்தது: அந்த மாடலுக்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தம் புதிய பெட்டி, பாதுகாப்பு விஷயத்தில் ஏற்கெனவே காலாவதி ஆனது!

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது ஒரே ஒரு கருத்துதான். ரூட்டர் வாங்கும்போது வேகத்தையும் ஆண்டெனாவையும் விட முக்கியமான கேள்வி, "இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்?" என்பதே. அந்த ஆண்டைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. அச்சிடும்படி கேட்க வேண்டியது நம் உரிமை. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ரூட்டரைப் பலர் மின்விசிறி, டியூப்லைட் போல ஒரு மின்சாதனம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மாட்டினால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் அது ஒரு முழுக் கணினி. அதற்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளமும் உண்டு. பெரும்பாலான ரூட்டர்களில் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு சிறு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையும் விசைப்பலகையும் இல்லாததால் அது கணினி என்று நமக்குத் தோன்றுவதில்லை. இதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள்.

இந்தக் கணினி செய்யும் வேலை என்ன? வீட்டுக்கு வெளியே உலகளாவிய இணையம். வீட்டுக்கு உள்ளே கைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி. இரண்டுக்கும் நடுவே நின்று, யாருக்கு வந்த தகவலை யாரிடம் கொடுப்பது என்று ரூட்டர் பிரித்துத் தருகிறது. கேட்காமல் வரும் தகவலை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதாவது அது தபால்காரரும் வாயில்காப்போனும் சேர்ந்த ஒரு வேலையாள். வீட்டில் எல்லோரும் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. நாள் முழுவதும் இணையத்தை எதிர்நோக்கி விழித்திருக்கிறது.

மனிதர் எழுதிய எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். சில பிழைகள் பத்து ஆண்டு கழித்துக்கூட வெளிப்படும். பிழை வெளிப்பட்டதும் தயாரிப்பாளர் அதை அடைக்கும் ஒரு திருத்தத்தை அனுப்புகிறார். அதுதான் புதுப்பிப்பு. அவர் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அதன்பின் வெளிப்படும் ஒவ்வொரு பிழையும் மூடப்படாத ஓட்டைதான். ரூட்டர் வழக்கம்போல ஓடும். பச்சை விளக்கும் எரியும். உள்ளே இருக்கும் ஓட்டையை அந்த விளக்கு காட்டாது.

ஒரே கோட்டை, இரண்டு முடிவுகள்

எங்கள் செஞ்சிக் கோட்டையை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போவது மிகக் கடினம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை இதுதான்.

1690-ல் முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். கோட்டை விழுந்தது 1698-ல்! இடையில் ஏழு ஆண்டுகளுக்கும் மேல் அது தாக்குப்பிடித்தது. ஆனால் 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தபோது என்ன ஆயிற்று? வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் கோட்டையைப் பிடித்துவிட்டார்.

மலை அதே மலை. மதில் அதே மதில். பிளவும் அதே பிளவு. மாறியவை இரண்டு: உள்ளே காவல் நின்றவர்களின் தயார்நிலை; வெளியே வந்தவர்களின் ஆயுதம். முதல் முற்றுகையின்போது பழுதுபார்த்துப் பலப்படுத்தி, விழிப்போடு காத்தவர்கள் இருந்தார்கள். இரண்டாம் முறை உள்ளே இருந்தவை தோற்றோடி வந்து ஒதுங்கிய படைகள்.

ரூட்டரின் கதையும் இதுவே. வாங்கிய அன்று அது எவ்வளவு பலமானது என்பது பாதி விஷயம்தான். வெளியே ஆயுதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதற்கேற்ப உள்ளே யாராவது மதிலைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறார்களா என்பதுதான் மறுபாதி.

நம் நாட்டில் நடந்தது

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைக்காதீர்கள். 2017 ஜூலையில் நம் நாட்டில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடங்கள் ஒரு தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயின. 60,000-க்கும் மேற்பட்ட மோடங்கள் இணைப்பை இழந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பூட்டை எப்படி உடைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? உடைக்கவே இல்லை! அந்த மோடங்களில் பயனர் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. தொழிற்சாலையில் வைத்த அந்தச் சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்றால், திருடனுக்கு எதற்குக் கடப்பாரை? கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி பிஎஸ்என்எல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை சொன்னது.

இதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 2016-ல், 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான ரூட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியிருந்தது. அதன் ஆயுதம் என்ன தெரியுமா? தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் சுமார் 60 கொண்ட ஒரு பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். 2016 அக்டோபர் 21 அன்று, மிராய் வசப்படுத்திய பெட்டிகள் அமெரிக்காவின் 'டைன்' என்ற நிறுவனத்தின்மீது ஒரே நேரத்தில் தகவல் வெள்ளத்தைக் கொட்டின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் அன்று பல மணி நேரம் தடுமாறின. இந்தத் தீநிரலை உருவாக்கியவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள் மூவர். 2017 டிசம்பரில் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். அறிவு அவர்களிடம் குறைவாக இல்லை. அதை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதில்தான் குறை.

"எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது?"

வீட்டில் பெரியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, திருடனுக்கு உங்கள் வீட்டுப் பொருள் தேவையில்லை. உங்கள் வீட்டு முகவரி போதும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. காவல்துறை அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் திறந்து கிடந்தது. இணைப்பு அவருடையது, அஞ்சல் வேறு யாரோ அனுப்பியது. அந்த மனிதர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். வானொலி அலைக்கு நம் வீட்டுச் சுவர் எல்லையல்ல. தெருவில் நிற்பவரின் கைபேசிக்கும் அது எட்டும்.

இரண்டாவது, வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைக்கலாம். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று ஒரு பெயர்ச் சேவைக் கணினியிடம் கேட்க வேண்டும். எந்தக் கணினியிடம் கேட்பது என்பதை வழக்கமாக ரூட்டர்தான் உங்கள் கைபேசிக்குச் சொல்கிறது. 2011-ல் பிரேசில் நாட்டில் 45 லட்சம் மோடங்களில் இந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். வங்கித் தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டியவர்களும் போலித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று பூட்டுக்குறி உள்ள தளங்கள் பெருகிவிட்டதால் இந்த மோசடி முன்போல எளிதில்லை. உலாவி எச்சரிக்கை காட்டும். ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்துபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

மூன்றாவது பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் ரூட்டர் கெட்டால் கஷ்டப்படுவது வேறு யாரோவாக இருக்கலாம். 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை விட்டது. புதுப்பிப்பு நின்றுபோன பழைய ரூட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும் முகமூடியாக வாடகைக்கு விட்டுவந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இணையமும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அத்தகைய ரூட்டர்களை மாற்றிவிடுங்கள் என்பதே எஃப்பிஐ சொன்ன அறிவுரை. நம் வீட்டு நீர்த்தொட்டியை மூடாமல் வைத்தால் கொசு ஊரையே கடிக்கும் அல்லவா? இதுவும் அப்படித்தான். இது பொதுச் சுகாதாரம் போன்ற ஒரு விஷயம்.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இனி, உங்கள் வீட்டில் ரூட்டர் மாற்றும் நாள் வந்தால் என்ன பார்க்க வேண்டும்? முக்கியத்துவ வரிசையில் தருகிறேன்.

1. எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு? வாரண்டி என்பது பெட்டி ஓடாவிட்டால் மாற்றித் தரும் உறுதிமொழி. புதுப்பிப்பு என்பது பெட்டிக்குக் காவல் தொடரும் என்ற உறுதிமொழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாடலின் முழுப் பெயரையும், அதன் பின்னால் உள்ள பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். ஓராண்டுக்கும் மேலாக ஒன்றும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். புதுப்பிப்பு தானாகவே நிறுவப்படும் வசதி இருந்தால் நல்லது. மனிதர் மறப்பார், கடிகாரம் மறக்காது.

2. டபிள்யூபிஏ3 உண்டா? வைஃபை அலையைப் பூட்டும் முறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் வந்த டபிள்யூஇபி முறையின் பலவீனத்தை 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதற்குப் பதிலாக 2003-ல் டபிள்யூபிஏ, 2004-ல் டபிள்யூபிஏ2, 2018-ல் டபிள்யூபிஏ3 வந்தன. டபிள்யூபிஏ2 இன்னும் பயன்படுகிறது. ஆனால் அதன் பலம் நீங்கள் வைக்கும் கடவுச்சொல்லைப் பெரிதும் சார்ந்தது. டபிள்யூபிஏ3-ல், அலையைப் பதிவுசெய்து எடுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகிக்க முடியாது.

3. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல்லா? எல்லாப் பெட்டிக்கும் ஒரே சொல் என்றால் 2017-ன் கதை திரும்பும். முதல் முறை இயக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் ரூட்டர் மேலானது.

4. தேவையற்ற கதவுகளை அடைக்க முடியுமா? பொத்தானை அழுத்தி அல்லது எட்டு இலக்க எண்ணைக் கொடுத்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும், வெளியூரிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதியையும் நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும்.

5. விருந்தினருக்குத் தனி வலை உண்டா? வீட்டுக்கு வருபவர்களுக்கும், மலிவான கேமரா, ஸ்மார்ட் விளக்கு போன்ற சாதனங்களுக்கும் தனி வலை கொடுத்துவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் உங்கள் கணினிக்கு அது எட்டாது. திண்ணையில் இடம் கொடுப்பது வேறு. அடுக்களைக்குள் விடுவது வேறு அல்லவா?

ஆண்டெனா எத்தனை, வேகம் எவ்வளவு என்பவற்றை இந்த ஐந்துக்கும் பிறகு கேளுங்கள். சிங்கவரத்தில் ஒரு சிறு வீட்டுக்கு, பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தில் ஒரு சிறு பகுதியே போதும்.

இரண்டு சிறு கணக்குகள்

விஞ்ஞான மாணவர்கள் எதையும் போட்டுப் பார்த்துத்தானே நம்ப வேண்டும்? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு. டபிள்யூபிஎஸ் எண்ணில் எட்டு இலக்கங்கள். ஆகவே 10 கோடி எண்கள் சாத்தியம். ஒவ்வொன்றாக முயல்வது பெரும்பாடு என்று தோன்றுகிறது. ஆனால் கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். எனவே 1 கோடிதான். இன்னொரு குறையை 2011-ல் ஓர் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினார். ரூட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து, அது தவறு என்றால் உடனே சொல்லிவிடுகிறது! ஆகவே முதல் பாதிக்கு 10,000 முயற்சி. மறுபாதியில் மீதமுள்ள மூன்று இலக்கத்துக்கு 1,000 முயற்சி. பெருக்கல் கூட்டலாகிவிட்டது: மொத்தம் 11,000. ஒரு முயற்சிக்கு 3 விநாடி என்றாலும் 33,000 விநாடி, அதாவது சுமார் 9 மணி நேரம். ஒரு இரவு போதும், புஸ்ஸிக்குப் போதுமாக இருந்ததுபோல! இவ்வளவு எளிய கணிதப் பிழை லட்சக்கணக்கான பெட்டிகளில் இருந்தது. புதுப்பிப்பு கிடைத்த ரூட்டர்களில், தவறான முயற்சிகளுக்குப் பின் கதவை மூடிவிடும் திருத்தம் வந்தது. கிடைக்காதவை அப்படியே கிடந்தன.

இரண்டாவது கணக்கு. நம் ஊரில் பலரும் வைஃபை கடவுச்சொல்லாகத் தங்கள் கைபேசி எண்ணையே வைக்கிறார்கள். பத்து இலக்கம், பாதுகாப்பானது என்ற எண்ணம். நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. எனவே சாத்தியமான எண்கள் 400 கோடி. டபிள்யூபிஏ2 பூட்டைப் பொறுத்தவரை, விளையாட்டுக் கணினிகளில் உள்ள ஒரு நல்ல வரைகலை அட்டை விநாடிக்குப் பத்து லட்சம் சொற்களைச் சோதிக்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 விநாடி. ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது! அதுகூட உங்கள் எண்ணை அறியாதவருக்கு. தெரிந்தவருக்கு ஒரு விநாடி.

மாற்று என்ன? உங்களுக்குத் தெரிந்த 5,000 சாதாரணச் சொற்களிலிருந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்து சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 5,000-ஐ ஐந்து முறை பெருக்கி, முன்போலவே வகுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சோதிக்க ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். பிடித்த நடிகரின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்தால் கணக்கு பொய்த்துவிடும்.

கேபிள்காரர் கொடுத்த பெட்டி

"எங்கள் வீட்டில் ரூட்டர் வாங்கவே இல்லை, இணைப்புக் கொடுத்தவரே ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். உண்மைதான். கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில் பெரும்பாலும் இதுவே நிலை. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கில்லை. ஆனால் கேட்கும் வாய்ப்பு உண்டு. "அண்ணா, இதுக்கு அப்டேட் யார் போடுவாங்க? கடைசியா எப்ப போட்டீங்க?" என்று கேளுங்கள். பத்து வீட்டில் கேட்டால் பதினோராவது வீட்டுக்கு அவரே சொல்லத் தொடங்குவார். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் வைஃபை சொல்லையும் பெற்றோரின் அனுமதியோடு அன்றே மாற்றிவிடுங்கள்.

பணம் ஒரு பெரிய விஷயம் என்பதையும் நான் மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் ஒரு ரூட்டர் மாடலின் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதில் லினக்ஸ் இருந்ததால் அதன் உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்தியது. அதிலிருந்து 2004-ல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் பிறந்தது. உலகெங்கும் தன்னார்வலர்கள் அதை வளர்த்து, நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு இன்றும் புதுப்பிப்பு தருகிறார்கள். தயாரிப்பாளர் கைவிட்ட சில பெட்டிகளுக்கு இது மறுவாழ்வு. ஆனால் தவறாகச் செய்தால் பெட்டி செங்கல்லாகிவிடும். உங்கள் மாடல் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, தெரிந்தவர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல், ஒருவர் மட்டும் ஒளித்து வைத்திருக்கும் நிரலைவிட நெடுநாள் வாழும் என்பது என் கருத்து.

அச்சிடச் சொல்வோம்

ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். காலாவதித் தேதி இருக்கும். பால் பாக்கெட்டில் இருக்கும். பிஸ்கட்டில் இருக்கும். இவை தாமாக வந்தவை அல்ல. சட்டம் வந்ததால் வந்தவை. ரூட்டருக்கு மட்டும் ஏன் கூடாது?

முடியாத காரியமல்ல. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 2020-ல் இணையச் சாதனங்களுக்குப் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் தொடங்கியது. விற்பனைக்கு வரும் வீட்டு ரூட்டர்கள் அதன் முதல் படியையாவது தேறியாக வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய சாதனங்களை விற்கக் கூடாது. குறைந்தது எந்த நாள் வரை புதுப்பிப்பு கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். நம் நாட்டிலும் பெங்களூரில் உள்ள தேசியத் தொடர்புப் பாதுகாப்பு மையம் ரூட்டர்களுக்கும் வைஃபை கருவிகளுக்கும் பாதுகாப்பு விதிகளை வகுத்திருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அந்தச் சோதனையின் பயன் செஞ்சிக் கடைத்தெருவில் நிற்கும் ஒரு சாதாரண மனிதர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெட்டியின்மேல் ஒரு வரி போதும்: 'இன்ன ஆண்டு, இன்ன மாதம் வரை புதுப்பிப்பு உண்டு.' அந்த வரி வரும் வரை, கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல ரூட்டர் எல்லா மோசடியையும் தடுத்துவிடாது. 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று ஒருவர் ஓடிபி கேட்டால், அதைச் சொல்லாமல் இருக்க வேண்டியது நாம்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ரூட்டர் ஒரு வாயில். வாயில் மட்டுமே கோட்டையல்ல. ஆனால் வாயிலைத் திறந்து போட்டுவிட்டு மதிலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அன்று கடையில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே! இன்னொரு பெட்டியைத் தேடிப் பார்த்தோம். சென்ற மாதம்தான் அதற்குப் புதுப்பிப்பு வந்திருந்தது. இன்னும் சில ஆண்டுகள் வரும் என்றும் நிறுவனம் அறிவித்திருந்தது. ஆண்டெனா இரண்டுதான். சில நூறு ரூபாய் கூடுதல். அதையே வாங்கினோம். நாங்கள் படியிறங்கும்போது கடைக்காரர், "பாப்பா, அந்தப் பக்கத்தை எப்படித் தேடினே, எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றார். அவள் திரும்பிப்போய்ச் சொல்லிக் கொடுத்தாள்.

இன்று பல வீடுகளில் இந்தப் பெட்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். ஆகவே காவல் பொறுப்பும் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. இன்று மாலை உங்கள் வீட்டு ரூட்டரைத் திருப்பி, அடியில் உள்ள மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்கு இதைச் செய்து ஒரு பட்டியல் தயாரித்தால், அதுவே உங்கள் பள்ளி விஞ்ஞான மன்றத்துக்கு ஓர் அருமையான ஆய்வு. எத்தனை வீட்டில் காவல் இருக்கிறது, எத்தனை வீட்டில் விளக்கு மட்டும் எரிகிறது என்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.